மூக்கர் பாஸ் பண்ணிய எண்ணெய்

ஏரிக்கரையில் வாடகைக்கு விடும் தண்ணீர் ஸ்கூட்டர்கள் ஆறு. ஆறும் டூ ஸ்ட்ரோக் என்ஜின். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்தே எரிகிற ஜாதி. எண்ணெய் மட்டமாக இருந்தால் நடு ஏரியில் பிஸ்டன் இறுகி வண்டி நின்றுவிடும். அதனால் அந்தப் படகுத்துறையில் எந்த எண்ணெய் வாங்குவது என்பதை முதலாளி முடிவு செய்வதில்லை. மெக்கானிக்கின் மூக்குதான் முடிவு செய்யும்.

சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு மூக்கு! டப்பாவைத் திறந்து ஒரே இழுப்பு. "பழைய எண்ணெயைக் காய்ச்சி வடிகட்டிச் சாயம் போட்டிருக்கான், தூக்கிட்டுப் போ" என்பார். லேபிளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். லேபிளை எவன் வேண்டுமானாலும் அச்சடிக்கலாமே. எல்லாரும் அவரை மூக்கர் என்றே கூப்பிட்டார்கள். முதலாளி வேறு யாருமில்லை, அவர் மனைவியின் அண்ணன்தான். "எங்க மாப்ள மூக்கு இருக்கே, அது டெஸ்ட் பண்ற லேப்புங்க லேப்பு" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மூக்கருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெட்ரோலும் சோப்பும் ஒன்றாகிவிட்டன. டாக்டர், "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்று கையை விரித்தார். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை மனுஷன். அவளிடம் சொன்னால் அண்ணன் காதுக்குப் போகும். மச்சான் துரத்த மாட்டார்தான். பாவம் பார்த்து, டிக்கெட் கிழிக்க உட்கார வைப்பார். அந்தப் பாவம்தான் இவருக்கு ஆகாது.

ஒரு நாள் காலையில், வழக்கமாக எண்ணெய் போடும் வேன்காரர் ஒரு புது டப்பாவோடு வந்தார்.

"அண்ணே, நம்ம பழைய சரக்கு வரத்து நின்னு போச்சு. இது புதுசு. பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா எனக்கு மனசு ஒப்பல. நீங்க மோந்து பாத்து சரின்னா இறக்கறேன். இல்லேன்னா திருப்பி அனுப்பிடறேன்."

எவ்வளவு யோக்கியமான பேச்சு! தகரத்தில் நாலு சொட்டு விட்டு எரித்துப் பார்த்திருக்கலாம், புகையும் கரியுமே காட்டிக் கொடுத்திருக்கும். ஆனால் இத்தனை வருஷம் செய்யாததை இன்றைக்கு ஏன் செய்கிறாய் என்று மச்சான் கேட்டால்? மச்சான் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மூக்கர் கண்ணை மூடி இழுத்தார். வெறும் காற்று. விரலில் தொட்டுத் தேய்த்தார். வழவழவென்றுதான் இருந்தது.

"சுத்தமான சரக்கு. இறக்கு" என்றார், வாய் கூசாமல்.

பதினோராம் நாள், ஒரு தகப்பனும் ஏழு வயது மகளும் போன வண்டி நடு ஏரியில் நின்றுபோனது. காற்று பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. லைஃப் ஜாக்கெட் இருந்ததால் இருவரும் உயிர் பிழைத்தார்கள். குழந்தையின் கை மட்டும் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டி, இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்தபோது அது அழக்கூட இல்லை, பல் கிட்டி நடுங்கியது. அய்யோ, மூக்கர் அதைப் பார்க்காமலாவது இருந்திருக்கலாம். என்ஜினைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கரி அப்பிக் கிடந்தது.

மறுநாள் வேன்காரர் வந்ததும் முதலாளி அவர் சட்டையைப் பிடித்தார். "என்ன எண்ணெய்யா குடுத்த? ஒரு பச்சப் புள்ள கை போச்சேய்யா!"

வேன்காரர் முகம் வெளிறிப்போய் மூக்கரைப் பார்த்தார். "அண்ணே, நீங்க மோந்து பாத்துதானே சரின்னீங்க? சொல்லுங்கண்ணே."

மச்சானும் மூக்கர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குக் காட்டினது வேற. அது நல்ல சரக்கு."

"கேட்டியா? சாம்பிள் ஒண்ணு, சரக்கு ஒண்ணா? இந்த ஏரியைச் சுத்தி இனி எவன் உங்கிட்ட வாங்கறான்னு பாக்கறேன்!" முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்தபடி ஆபீசுக்குள் போனார்.

வேன்காரர் சட்டையைச் சரி செய்துகொண்டார். வேனுக்குப் போய், லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்து வந்தார். "அப்ப இதையும் மோந்து பாருங்கண்ணே. எவ்வளவு மோசம்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

மூக்கர் முகர்ந்தார். சட்டென்று முகத்தைச் சுளித்தார். "சீ! கழிவு எண்ணெய். குமட்டுது."

"இது உங்க பழைய சரக்குண்ணே. வேன்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பதினஞ்சு வருஷமா நீங்க பாஸ் பண்ணதுதான்."

வேன்காரர் கத்துவார் என்று மூக்கர் நினைத்தார். அவரோ குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எப்பலேர்ந்துண்ணே?"

மூக்கருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆபீஸ் கதவு இருபது அடி தூரம்தான். போய் ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனுஷன் பிழைப்பு பிழைத்துவிடும். மூக்கர் நின்ற இடத்திலேயே நின்றார். வேன்காரர் காத்திருந்தார். பிறகு பாட்டிலை மூடிக்கொண்டு, மிச்சமிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக வேனில் ஏற்றினார். முதலாளியைக் கூப்பிட்டு எதையும் சொல்லவில்லை.

வேன் போன பிறகு மச்சான் வெளியே வந்தார். "எல்லாப் படகுத்துறைக்கும் சொல்லிட்டேன். ஒருத்தனும் வாங்க மாட்டான். நாளைக்குப் புது ஆளுங்க ரெண்டு பேர் சாம்பிள் கொண்டு வராங்க. பாத்து ஒண்ணு சொல்லு மாப்ள. உன் மூக்கை நம்பித்தான் வண்டியைத் தண்ணில விடறேன்."

"சரி மச்சான்" என்றார் மூக்கர்.