வீட்டுக்காரர் சம்மதம்

இன்டர்வியூவுக்குப் போகிறவள் பொன்செல்விதான். ஆனால் அந்தப் பத்து நாளும் அவர்கள் வீட்டை எட்டிப் பார்த்தவர்கள், வேலைக்குப் போகப்போவது அவள் புருஷன் மணிராஜ் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவ்வளவு குதியாட்டம் போட்டான் மனுஷன்.

வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவுக்குப் பெண்கள் தேவை என்று பேப்பரில் வந்திருந்தது. பொன்செல்வி கல்யாணத்துக்கு முன்னால், பிறந்த ஊரான ஆழ்வார்திருநகரியில், ஒரு சின்ன ஜவுளிக்கடையில் இரண்டு வருஷம் நின்றவள். மேலப்பாளையம் பக்கம் வாக்கப்பட்டு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மடியில் பீடி சுற்றுகிற தட்டுதான். புகையிலைத் தூள் நெடி நெஞ்சில் ஏறி இருமல் பிடித்தால் மகள்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவாள். பீடியை விட்டொழித்தால் போதும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவளுக்குத் துணி என்றால் உயிர். தெருவில் ஒருத்தி புதுச்சேலை கட்டிப் போனால், அது எத்தனை சலவைக்குத் தாங்கும் என்று வாசலில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவாள். இந்த வேலை கிடைத்தால் மிச்ச நாளையாவது தனக்குப் பிடித்த மாதிரி வாழலாம் என்று நம்பினாள். வேறெதையும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மணிராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவனிடம் விஷயத்தைச் சொல்ல மூன்று நாள் பயந்தாள். சொன்னதும் அவன் சிரித்தான்.

"இதுக்காட்டி இந்த முழி முழிச்ச? தாராளமாப் போயிட்டு வா. ஒன்னைய விட்டா சேலையப் பத்தி எவளுக்குத் தெரியும்?"

அன்றிலிருந்து சாயங்காலமானால் வீட்டில் ஒத்திகை. பக்கத்து வீட்டு நஃபீஸத் அக்கா தன் பீரோவிலிருந்து பதினைந்து சேலை எடுத்துக் கொடுத்திருந்தாள். பொன்செல்வி பாயின் இந்தப் பக்கம். மணிராஜ் அந்தப் பக்கம், தோளில் கிடக்கும் துண்டை முந்தானையாக்கிக்கொண்டு.

"இது என்ன கலரு, முத்துன கத்திரிக்கா மாதிரி? வேற எடும்மா."

"இதப் பாருங்க மதினி. கரை சின்னது, ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"எங்க கொழுந்தியா இதவிடக் கொறச்சலா வாங்கியிருக்காளே."

"அது வேற துணியா இருக்கும் மதினி. இதத் தொட்டுப் பாருங்க."

"சரி, எல்லாத்தையும் மடிச்சு வையி. எதுத்த கடையிலயும் பாத்துட்டு வாரேன்."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். பொன்செல்விக்கும் வாய் கோணும். மணிராஜ் விடமாட்டான். "சிரிக்கப்பிடாது. பதினஞ்சு சேலைய விரிக்க வச்சுட்டு வெறுங்கையோட போறவ கிட்டயும் மூஞ்சி சுளிக்காம, போயிட்டு வாங்க மதினின்னு சொல்லணும். அதுதான் வேலை" என்பான். வாத்தியார் வேலைக்குப் போகாமல் ஆட்டோ ஓட்ட வந்துவிட்டான் போலிருக்கிறது. நஃபீஸத் அக்காவே ஒருநாள் நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, "ஒனக்கு வாச்ச மாதிரி மாப்பிள எவளுக்கு வாய்க்கும்" என்று சொல்லிப் போனாள். பொன்செல்விக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கல்யாணமான பெண் என்றால் வீட்டுக்காரர் சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும். ஓட்டுப் போடுகிற பெண்பிள்ளை, ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கிறவள், அவள் வேலைக்கு வர இன்னொருத்தன் கையெழுத்து. மணிராஜ் மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்து, "என் மனைவி தங்கள் கடையில் வேலை பார்க்க எனக்கு முழுச் சம்மதம்" என்று எழுதி, போன் நம்பரும் போட்டு, 'முழு' என்பதற்கு அடியில் ஒரு கோடும் இழுத்தான். அந்தக் கோட்டை நினைத்தால் கதை சொல்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

புதன்கிழமை காலையில் லோடு ஆட்டோவிலேயே கூட்டிவந்து கடை வாசலில் இறக்கிவிட்டான். "பதறாத. பைய பேசு. நான் எதுத்தாப்ல டீக்கடையிலதான் நிக்குதேன்" என்றான்.

மேனேஜர் தில்லைநாயகம் அறுபது வயசுக்காரர். ஊர், பேர், படிப்பு என்று நாலு கேள்வி கேட்டார். பிறகு சேலைப் பிரிவில் நின்ற ஒரு பெண்ணை வரவழைத்து, வாங்க வந்தவளாக நடிக்கச் சொன்னார். அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. பதினோரு சேலையைக் கழித்துக்கட்டிவிட்டு, "எல்லாம் பழைய டிசைனா இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினாள்.

"பழசுதான் மதினி" என்றாள் பொன்செல்வி. "நீங்க கட்டிட்டு மகளுக்குக் குடுக்கலாம். புது டிசைன்லாம் அடுத்த தீபாவளிக்குள்ள பழசாயிருமே."

தில்லைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார். "எட்டாங்கிளாஸ்தான் படிச்சிருக்க. ஆனா வந்த ஆள நிறுத்தி வைக்கத் தெரியுது. ஒண்ணாந்தேதி வந்து சேந்துக்கோம்மா" என்றார்.

பொன்செல்வி கடிதத்தை எடுத்து நீட்டினாள்.

"ஒரு போன் மட்டும் போட்டுக்கிடுதேன்" என்றார் அவர். "போன மாசம் ஒரு பிள்ளை அதுவா புருஷன் கையெழுத்தப் போட்டுக் கொண்டாந்துட்டு. வீட்டுக்காரன் வாசல்ல வந்து நின்னு ஒரே சத்தம்." பாரத்தை நிரப்பிக்கொண்டே பேசலாம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"மணிராஜா? ஜவுளிக்கடை மேனேஜர் பேசுதேன். ஒங்க வீட்டம்மாவ எடுத்திருக்கோம். ஒங்களுக்குச் சம்மதந்தான?"

அந்தப் பக்கம் டீ கிளாஸ் கழுவும் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டியளா?" என்றான் மணிராஜ். குரல் இறங்கிப்போயிருந்தது. "அண்ணாச்சி, ஒரு ஒதவி செய்யணும். எனக்கு இதுல இஷ்டமில்ல."

தில்லைநாயகம் பேனாவைப் போட்டுவிட்டு போனை எடுக்கக் கை நீட்டினார். பொன்செல்வி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எட்டாங்கிளாஸ்காரிய நீங்க எங்க எடுக்கப் போறியன்னுதான் விட்டேன்" என்றது போன். "அவ ஆசைப்பட்டுட்டா, நானும் கூடச் சேந்து ஆடுனேன். பொண்டாட்டி கடையில நின்னு வாரவன் போறவனுக்குத் துணி விரிக்கான்னா, ஸ்டாண்டுல நான் எப்படித் தலை நிமிந்து நிக்க? வேற ஆள் எடுத்தாச்சுன்னு சொல்லி அனுப்பிருங்க. நான் சொன்னேன்னு மட்டும் காட்டிக்கிடாதிய. பாவம், வருத்தப்படுவா."

போன் நின்றது. கிழவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்தார்.

"எங் கையெழுத்துப் போதாதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"மொதலாளி ஒத்துக்கிட மாட்டாரும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா என்னையத்தான் கேப்பாவ." கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

படி இறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். பட்டினி கிடந்திருப்பாள். ஜெயித்திருப்பாள், இல்லை தோற்றிருப்பாள். அதற்குக்கூட விடாமல், பத்து நாள் எதிரே உட்கார்ந்து கழுத்தறுத்திருக்கிறான். அவன் மறுத்ததைவிட, அவளுக்கு வேலை கிடைக்காது என்ற தைரியத்தில் சரி என்று சொன்னதுதான் தாங்கவில்லை. ஊரில் ஒருத்தனாவது தன்னை நம்புகிறான் என்று அவள் நினைத்திருந்தாள்.

மணிராஜ் வண்டி அருகில் நின்றுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். துக்கம் விசாரிக்க ஆள் தயார்.

"என்னட்டி, என்ன சொன்னாவ?"

நாலு கேட்க வேண்டும் என்றுதான் வந்தாள். வாயில் வந்தது வேறு.

"எடுத்துக்கிட்டாவ. ஒண்ணாந்தேதி வரச் சொல்லிருக்காவ."

"அதெப்படி? அவருதான் எங்கிட்ட..." என்றவன் அதோடு நிறுத்தினான்.

"அவரு ஒங்ககிட்ட என்ன?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"நான் அங்கனதான் இருந்தேன்" என்றாள் பொன்செல்வி. "ஸ்பீக்கர்ல போட்டுருந்தாவ. பாவம் வருத்தப்படுவான்னு நீங்க சொன்னது வரைக்கும் கேட்டேன்."

அவன் முகம் கறுத்துச் சிறுத்தது. வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு அவசர அவசரமாக, "சரி, புத்தி கெட்டுப் போயிட்டு. வா, இப்பவே மேல போவோம். எனக்குச் சம்மதம்னு அவரு முன்னால நானே சொல்லுதேன். மெய்யாத்தான் சொல்லுதேன், வா" என்று அவள் கையைப் பிடித்தான்.

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். பதினாலு வருஷம் பார்த்த முகம். மெய்யாகத்தான் சொல்கிறானோ என்னவோ. அவளுக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"மொதல்லயும் இப்படித்தான சொன்னிய" என்றாள்.

கையை விடுவித்துக்கொண்டு, மேலப்பாளையம் பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்து நடந்தாள்.