இரண்டு கட்டில்

பிரான்புரி கடலோர விடுதியில், கல்யாண நாளுக்காகத் தம்பதி மசாஜுக்குப் பதிவு செய்திருந்தவன் விச்சியன். வந்ததோ அவன் மனைவி வன்பென் மட்டும். மசாஜ் அறையில் இரண்டு கட்டில், இரண்டு பெண்கள், இரண்டு கோப்பை இஞ்சிச் சாறு. வன்பென் இரண்டு கோப்பையையும் காலி செய்தாள்.

"சார் பின்னாடி வர்றாராக்கா?" என்றாள் மூத்தவள்.

"அவன் வேறொருத்தியோட போயிட்டான்மா."

"அப்போ ஒரு கட்டிலை எடுத்துடறோம். ஒரு ஆள் போதும்லக்கா?"

"ஏன், அவன் போனதுல நான் பாதியாயிட்டேனா?" வன்பென் குப்புறப் படுத்தாள். "எனக்குத் தோள் ரெண்டு இருக்கு. ஆளுக்கொண்ணாப் பிடிங்க. மல்லாக்கப் படுக்கறப்ப அவன் கட்டிலுக்கு மாறிக்கறேன்."