தையலைத் தொடக் கூடாது

அம்மா இறந்தபின் எல்லாவற்றையும் பங்கு போட்டாயிற்று. அவளுடைய புனாத், நார்வேக்காரர்களின் பாரம்பரிய உடுப்பு, மட்டும் அலமாரியில் தொங்கியது. கறுப்புக் கம்பளிப் பாவாடை, சிவப்பு மேல்சட்டை, மார்பில் வெள்ளிக் கொக்கிகள். மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துக்கு ஆயுசு முழுக்க அதைத்தான் உடுத்தினாள். சின்ன வயதில் தைத்தது, ஒரு தையல் பிரித்ததில்லை என்று காபி குடிக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள்.

மகள்கள் இருவருக்கும் அது வேண்டும். பாதியாகக் கிழிக்கவா முடியும்?

"ஊர்வலத்துக்கு முந்தின நாள் ரெண்டு பேரும் போட்டுப் பாப்போம். யாருக்குக் கொக்கி மாட்டுதோ அவளுக்கு. தையலைத் தொடக் கூடாது," என்றாள் அக்கா ரன்வெய்க்.

"ரெண்டு பேருக்கும் மாட்டினா?"

"சீட்டுப் போட்டுக்கலாம்டி."

ரன்வெய்க்குக்கு அப்பாவின் ஒட்டடைக்கம்பு உடம்பு. தங்கை அஸ்லாவ் அம்மாவின் வார்ப்பு, கனத்த உடம்பு. அம்மா பிடித்து நடந்த பாடகர் குழுக் கொடியை இந்த வருஷம் அவள்தான் பிடிக்கிறாள். அம்மாவின் உடுப்பில் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. தலையாட்டிவிட்டாள். இளைப்பதற்குக் குளிர்காலம் முழுதும் மிச்சமிருந்ததே.

வேலை முடிந்ததும் தினமும் பனிச்சறுக்குத் தடத்துக்குப் போனாள். மரங்களுக்கிடையே விளக்கு எரியும் தடம் அது. தனியாகப் போகிறாளே என்று கணவன் ஈவரும் கூடவே வந்தான். அதே தடம், அதே வேகம், திரும்பி வந்து அதே மீன் சூப். ஈவர் மட்டும் அதுபோக வாஃபிள் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டான்.

ஈஸ்டருக்குள் ஈவரின் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. அஸ்லாவுக்கு முதலில் கொஞ்சம் குறைந்தது. பிறகு எடைக்கருவியின் முள் நகர மறுத்துவிட்டது.

"என்ன பண்ணித் தொலைச்சே நீ?"

"நான் ஒண்ணும் பண்ணலியே, உன்கூடத்தானே வந்தேன்," என்றான் ஈவர், கால்சட்டையைப் பிடித்தபடி.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னாள். "ஒரே மாதிரி பயிற்சி பண்ணாலும் எல்லா உடம்பும் ஒரே மாதிரி இளைக்காது. சில உடம்பு, பயிற்சியில சக்தி செலவானா மத்த நேரத்துல சிக்கனம் பிடிக்கும், பசியையும் கூட்டும். அதுல பாதி பரம்பரை. இரட்டையரை வெச்சுப் பாத்திருக்காங்க, ஜோடி ஜோடியா ஒரே மாதிரிதான் இளைக்கிறாங்க. உன் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கு, இதயம் நல்லாயிருக்கு. சறுக்கறதை விடாதே."

"இதயத்துக்குக் கொக்கி மாட்ட வேண்டியதில்ல டாக்டர்," என்றாள் அஸ்லாவ்.

மே பதினாறு. ரன்வெய்க் கேக்கோடு வந்தாள். அஸ்லாவ் மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஈவர் இழுத்தான். கொக்கிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. ரன்வெய்க் போட்டாள். மாட்டிற்று. உள்ளே ஒரு பூனையையும் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் பேச்சு கொக்கியைப் பற்றித்தான்.

"ஜெயிச்சிட்டே," என்றாள் அஸ்லாவ். "குடு, தேய்ச்சுத் தரேன்."

மேல்சட்டையை உள்புறம் திருப்பி மேசையில் விரித்தவள் அப்படியே நின்றாள். பக்கத் தையலை ஒட்டி மூன்று வரிசை ஊசித் துளைகள். மூன்று நிற நூல் துணுக்குகள். அம்மா மூன்று தடவை பிரித்து அகலப்படுத்தியிருக்கிறாள், எல்லாம் ஒரே இடத்தில். அஸ்லாவ் தன் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். அதே இடம்.

"அக்கா, இங்க வாயேன்."

ரன்வெய்க் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"கிழவி நம்மகிட்ட இத்தனை வருஷமா புளுகியிருக்கா."

"தினமும் மலையேறி ஆட்டுக்குத் தீவனம் வெச்சவ. அவளுக்கே உடம்பு இளைக்கலே."

ரன்வெய்க் மேல்சட்டையை மேலே போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். தோளில் தொங்கியது. கழற்றிவிட்டுத் தையல்பெட்டியைத் தேடி எடுத்தாள். அம்மாவின் தையல் கை அவளுக்குத்தான் வாய்த்திருந்தது.

"தையலைத் தொடக் கூடாதுன்னு சொன்னது நீதான்," என்றாள் அஸ்லாவ்.

"உன்னைத்தான் சொன்னேன். நீ தொட்டா கந்தலாயிடும். கையைத் தூக்கு, அளவெடுக்கணும்."

மறுநாள் கொடியோடு முன்வரிசையில் நடந்தாள் அஸ்லாவ். கொக்கிகள் மாட்டியிருந்தன. ஓரத்தில் நின்ற ஈவர் ஒரு கையால் கொடியசைத்தான், மறுகையால் புனாத் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இன்னும் ரெண்டு விரல் துணி பாக்கியிருக்கு," என்று ரன்வெய்க் கூட்டத்திலிருந்து கத்தினாள். "ஐஸ்கிரீம் தாராளமா சாப்பிடு!"