முழங்கால் தண்ணீரில் இருபத்தாறு படகுகள்

“நீங்க தந்த படகுகளத் திருப்பி எடுங்க” என்றாள் கம்சாயினி.

நிறுவனத்தில் சேர்ந்த முதல் நாளே பணிப்பாளர் நல்லரத்தினம் அவளுக்குச் சொல்லியிருந்தார்: கொடை தருகிறவர்களிடம் கூடுதல் காலம் கேட்கலாம், கூடுதல் வாகனம்கூடக் கேட்கலாம், தந்ததைத் திருப்பி எடு என்று மட்டும் கேட்கப்படாது. அதைத்தான் அவள் இப்போது கேட்டாள், கொடையைப் பார்வையிட அலுவலகத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து.

நல்லரத்தினம் அதை மொழிபெயர்த்தார், ஊர்ச்சனம் மிகுந்த நன்றியோடு இருக்கிறது என்று. கம்சாயினியின் இங்கிலீசு பேசப் போதாது. விளங்கத் தாராளமாகப் போதும்.

சுனாமியன்று கடல் முகத்துவாரத்தால் ஏறி வாவிக்குள் வந்து, கரையூர் ஒன்றின் இருபத்தாறு தோணிகளையும் கொண்டுபோனது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவள் கம்சாயினி. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஒரு தோணி, ஒரு வீச்சுவலை. ஆனால் விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். கடற்கரை ஊரொன்றுக்கு எழுதிய பழைய விண்ணப்பம் கணினியில் கிடந்தது. ஊர்ப்பெயரை மாற்றி அனுப்பினார்கள். ஏழாம் பக்கத்தில் ‘ஆழ்கடல்’ என்பதை மாற்ற மறந்துபோனார்கள். யாரும் கவனிக்கவில்லை. கொடை கிடைத்தது.

வந்தவை எஞ்சின் பூட்டிய பைபர் படகுகள். அந்த இடத்தில் வாவி முழங்கால் ஆழம். கையளிப்பு விழாவில் தேங்காய் உடைத்து, படகுக்குப் பன்னிரண்டு பேராய்ச் சேற்றில் தள்ளிப் படம் எடுத்தார்கள். படம் முடிந்ததும் அதே பன்னிரண்டு பேர் இழுத்துக் கரையில் விட்டார்கள். ஒன்றரை வருடத் திட்டத்தில் படகுகள் நகர்ந்தது அவ்வளவுதான்.

போன கிழமை அந்த ஊர் அன்னப்பூரணி தன் வீட்டுப் படகைக் காட்டினாள். கவிழ்த்துப் போட்டிருந்த அதன் உள்ளே கோழி அடைகிடந்தது.

“குறை சொல்லப்படாது மனே. நல்ல படகு. மழைக்கு ஒழுகாது.”

“அப்ப தொழில்?”

“இவர் ஊரான்ட தோணியில கூலிக்குப் போறார். தோணி குடுக்க வேற ஒரு என்.ஜி.ஓ. வந்தவங்க. பிரதேச செயலகத்து லிஸ்டில எங்கட பேருக்கு நேர ‘படகு பெற்றவர்’ எண்டு இரிக்காம். பொறுப்பான ஆள் எழுதித் தந்தா வெட்டுவாங்களாம். இந்த மாசத்துக்குள்ள வெட்டாட்டித் தோணி அடுத்த ஊருக்கு.”

பொறுப்பான ஆள் கம்சாயினிதான். திட்ட முடிவறிக்கையில் அவள் ஒப்பம் விழுந்தால், படகுகள் பாவனையில் உள்ளன என்பது உண்மையாகிவிடும். பிறகு எவரும் பேரை வெட்ட மாட்டார்கள்.

எத்தனை படகு தொழிலுக்குப் போகிறது என்று பெண்மணி கேட்டாள். நல்லரத்தினம் “இருபத்தாறும்” என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு, அறிக்கையைக் கம்சாயினியின் பக்கம் தள்ளினார்.

“ஒப்பத்தப் போடு புள்ள. அடுத்த கொடை கோழி வளர்ப்புக்கு. உன்னத்தான் பொறுப்பாப் போட இரிக்கன்.”

“கோழி ஏற்கெனவே படகுக்குள்ள இரிக்கு சேர்.”

அவர் சிரித்த முகம் மாறாமல் சொன்னார். “கம்பஸ் படிச்ச கொழுப்பு. உன்ட குடும்பத்தில கையெழுத்துப் போடத் தெரிஞ்ச முதல் ஆள் நீ. அதப் போடமாட்டன் எண்டுறாய்.”

“ஓம் சேர். எங்கட அப்பா எங்க காட்டினாலும் பெருவிரல் வைச்சவர். அவருக்கு வாசிக்கத் தெரியா. நான் வாசிச்சுப்போட்டன்.”

கைப்பையிலிருந்து ஒரு கடிதப் பிரதியை எடுத்து அறிக்கையின்மேல் வைத்தாள். படகு பயன்படவில்லை, பெயர்களை வெட்டவும், படகுகளை ஒப்படைக்கத் தயார் என்று இருபத்தாறு வீட்டாரும் ஒப்பமிட்டிருந்தார்கள். ஏழு பேருடையது பெருவிரல். அவர்களுக்கு அவள் இரண்டு தரம் வாசித்துக் காட்டியிருந்தாள். அடியில், பொறுப்பான ஆளுக்குரிய இடத்தில், அவளுடைய ஒப்பம்.

நல்லரத்தினத்துக்குச் சிரமம் வைக்காமல், அகராதியோடு இரண்டு நாள் மினக்கெட்டு, அந்தப் பிரதியை இங்கிலீசிலேயே எழுதியிருந்தாள். பெண்மணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

கம்சாயினி அலுவலக மோட்டார் சைக்கிளின் திறப்பைச் சாவிவளையத்தோடு மேசையில் வைத்தாள். எல்லாரும் ஒப்பமிட்ட தமிழ் மூலம் காலையிலிருந்து பைக்குள்தான் கிடந்தது. பிரதேச செயலகம் நாலேகாலுக்குப் பூட்டும். நடந்தால் இருபது நிமிடம்.

கதவைச் சாத்தாமல் இறங்கிப் போனாள்.