எல்லாத்துக்கும் ஆமா

பாப்பம்மா கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ரப்பர் பால் வாளி ஏற்றும் அந்த வண்டியில் இன்று மூட்டையாகக் கிடந்தவன் அவள் புருஷன் முருகையா. தலையில் ரத்தம் ஊறிய கட்டு. வலக்கையும் வலக்காலும் செத்த பாம்பாகத் தொங்கின.

ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் காடு. சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடிக்கிறான் என்றதும், மகன் பரஞ்சோதியை அங்கே ஒளித்துவைக்க நேற்று விடியலில் முருகையாதான் கூட்டிப்போனான். சாயங்காலம் யாரோ மாட்டுவண்டிக்காரர் மண்டை உடைந்த முருகையாவை மட்டும் லயத்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பையன் எந்தப் புதரில் பசியோடு கிடக்கிறானோ, அது முருகையாவுக்குத்தான் தெரியும். அவனிடம் மிஞ்சியதோ ஒரே ஒரு சொல்.

"ஆத்தோரமா இருக்கானா?"

"ஆமா."

"மலை மேலயா?"

"ஆமா."

"உசுரோட இருக்கானாங்க?"

"ஆமா."

"செத்துட்டானா?"

"ஆமா." அவன் கண்ணில் நீர் வழிந்தது.

மூளையில் பேச்சு இருக்கும் இடத்தில் அடி விழுந்திருக்கிறது, இல்லை என்று நினைத்தாலும் ஆமா என்றுதான் வரும், நம்பாதே என்று தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

பாதை பிரிந்த இடத்தில் முருகையா இடக்கையை நீட்டினான். காட்டுப் பக்கம் அல்ல, சுங்கைப்பட்டாணி டவுன் பக்கம். வாய் குழம்பிய மாதிரி கையும் குழம்பிவிட்டது என்று பாப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வண்டியைக் காட்டுக்கே திருப்பினாள். அவன் அவள் விரல்களைப் பிய்த்தான். "ஆமா, ஆமா" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"சும்மா இருங்க. டவுனுக்குப் போனா நம்மளையும் புடிச்சிருவான்."

காட்டில் கூவிக் கூவிக் குரல் போயிற்று. குரங்குதான் பதில் சொன்னது. பொழுது சாயும்போது, வேறு போக்கில்லாமல், கை காட்டிய பக்கமே தள்ளினாள். ஒரு திருப்பத்தில்கூட அந்தக் கை தடுமாறவில்லை. ரயில் ஸ்டேஷனின் சரக்குத் தண்டவாளத்தருகே வந்ததும் கை கீழே விழுந்தது. தண்டவாளம் காலி.

ரயிலுக்குக் கொடி காட்டும் அப்பளசாமி ஓடிவந்தான். முருகையாவைப் பார்த்து அப்படியே நின்றான்.

"பொழச்சிட்டாராக்கா? நேத்து ஜப்பான்காரன் மகனை ரயில் பொட்டியில ஏத்தினப்ப கதவைப் புடிச்சுத் தொங்கினாரு. துப்பாக்கிக் கட்டையால மண்டையில போட்டான்."

ரயில் எப்போது போயிற்று என்று பாப்பம்மா மெல்லக் கேட்டாள்.

அப்பளசாமி தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எஞ்சின் வரலக்கா. பொட்டி இங்கயேதான் நின்னுச்சு. நான்தான் தம்பிக்குத் தண்ணி குடுத்தேன். அம்மா வருமான்னு கேட்டுக்கிட்டே இருந்தான். இன்னிக்கு மத்தியானந்தான் கெளம்புச்சு."