கை வைத்துக் காட்டுவது

1993 ஆகஸ்டில், ஓசூர் சிப்காட்டில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின்களுக்குக் கன்ட்ரோலர் பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் இரண்டு டிரெய்னிகள் இருந்தார்கள். நிரந்தர வேலை ஒன்று இருந்தது.

ஜமீர் அகமது கிருஷ்ணகிரிக்காரன். சின்னராஜ் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். இருவருக்கும் ஒரே அறை, ஒரே ஸ்டவ். மேனேஜர் சௌந்தரராஜன் நாய்களுக்கு எலும்பைக் காட்டுவதுபோல் அந்த வேலையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு பெட்டிய ஓட வெக்கிறானோ அவனுக்கு ஆர்டர். இன்னொருத்தனுக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வழி தெரியுமில்ல?"

ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நிக்காஹ்வுக்கு நாள் குறிப்போம் என்று முனவர் பேகத்தின் வீட்டார் ஜமீரிடம் சொல்லியிருந்தார்கள்.

புதுப் பெட்டியின் புரோகிராமை எடுத்த எடுப்பில் பிரஸ்ஸில் போட மாட்டார்கள். முதலில் ஒரு பொய் மெஷினில் ஓட்டுவார்கள். பெட்டியும் பிரஸ்ஸுமாகக் கம்ப்யூட்டருக்குள் நடிக்கும் இன்னொரு புரோகிராம் அது. உள்ளே நடப்பது சீரியல் ஒயர் வழியாகப் பக்கத்து டெர்மினலில் பச்சை எழுத்தாக வரும். இந்தப் பெட்டியின் புரோகிராம் அதில் சில நேரம் ஓடியது. சில நேரம் திரை கருப்பாகவே நின்றது. ஒயரைத் திறந்துவிடும் வேலையை யாரோ புரோகிராமின் கடைசியில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் எங்கே செத்தாலும் சொல்வதற்கு அதற்கு வாயில்லை.

ஜமீர் அந்த வேலையை முதல் வரிக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொரு படி முடிந்ததும் ஓர் எழுத்தை அனுப்ப வைத்தான். ஏ, பி, சி என்று திரை பேசத் தொடங்கியது. அதோடு இன்னொன்றும் நடந்தது. எழுத்துகளைப் போட்டபின் பொய் மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஏன் என்று அவனே துருவிக் கண்டுபிடித்தான். பிரஸ்ஸுக்குள் கை இருக்கிறதா என்று பார்க்கும் சென்சார், பவர் வந்ததும் விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் கேட்டால் குப்பையாகப் பதில் வரும். பெரும்பாலும் அந்தக் குப்பையில் சிக்கிப் புரோகிராம் நிற்கும். எப்போதாவது அதையே 'கை இல்லை' என்று நம்பிப் பிரஸ்ஸை இறக்கிவிடும். எழுத்துகள் ஒயரில் போகும் தாமதத்தில் சென்சார் விழித்துவிடுகிறது. அவ்வளவுதான். எழுத்துகளை எடுத்தால் அந்த இடத்தில் 'பொறு' என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அதை அவன் சின்னராஜிடம் சொல்லவில்லை. கடைசி ஒன்றைக் கைக்குள் வைத்துக்கொள்வது அங்கே டிரெய்னிகளின் வழக்கம். எல்லாவற்றையும் சொன்னவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் காலை சௌந்தரராஜனோடு ஆபீசே வந்து நின்றது. ஜமீர் பொய் மெஷினை ஓட்டினான். டெர்மினலில் கோணல் கோணலாக ஏதேதோ குறிகள் வந்து விழுந்தன.

"என்ன பாய் இது? கன்னடமா, தெலுங்கா? உங்க வூட்டு உருதா?"

"எங்க வூட்ல தமிழ்தான் சார்."

"அதுவும் ஒழுங்கா வர்ல பாரு." ஆபீஸ் சிரித்தது. ஜமீர் டெர்மினலின் பின்பக்கம் குனிந்தான். "கைய எடு. இருக்கறதயும் கெடுத்துத் தொலைக்காத" என்றார் சௌந்தரராஜன்.

"நான் பாக்கட்டுங்களா சார்?" என்றான் சின்னராஜ். பின்னால் கைவிட்டு ஒரு சின்ன ஸ்விட்சைத் தட்டினான். மறுபடி ஓட்டினான். எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

ஜமீருக்குப் புரிந்துவிட்டது. "சார், அது ஸ்பீடு ஸ்விட்சு. ஒயருக்கு ரெண்டு பக்கமும் ஒரே வேகம் இருக்கணும். நேத்து சரியா இருந்துச்சு. இவன்தான் மாத்தி வெச்சிருக்கான்."

"மாத்துனா என்ன? அவன் சரி பண்ணிட்டான். நீ முழிச்சிட்டு நின்ன." சௌந்தரராஜன் திரும்பிக்கொண்டார். "சின்னராஜ், இந்த ஏபிசிடிய எல்லாம் எடுத்துரு. இதென்ன எல்கேஜியா? கஸ்டமர் பாக்கறப்ப கம்பெனி பேரு மட்டும் வந்தா போதும்."

"சார், அத எடுத்தா…"

"நீ இன்னும் போகலியா? கேட்டுல கார்ட குடுத்துட்டுப் போ. பிரியாணி போடறப்ப சொல்லி அனுப்பு, வர்றோம்."

மறுபடியும் சிரித்தார்கள்.

சாயங்காலம் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் ஜமீர் பையோடு உட்கார்ந்திருந்தான். சின்னராஜ் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தான்.

"கோவமா?"

"இல்லடா. உன் எடத்துல நான் இருந்தாலும் தட்டித்தான் இருப்பேன்."

"எழுத்த எடுத்துட்டேன். நாலஞ்சு வாட்டி ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் ஓடுது." சின்னராஜ் குரலைத் தாழ்த்தினான். "எடுத்ததால ஒண்ணும் ஆகாதுல்ல? நாளைக்கு ஜூஜுவாடி கஸ்டமர்கிட்ட நான்தான் கை வெக்கணும்."

பெட்டியைக் கஸ்டமரிடம் ஒப்படைக்கும்போது கை வைத்துக் காட்டுவது அந்தக் கம்பெனியின் பெருமை. பிரஸ்ஸுக்குள் கையை வைத்துக்கொண்டு ஒருவன் நிற்பான். மேனேஜர் பவர் போடுவார். அளவு பார்ப்பதற்காக வழக்கமாக ஒருமுறை இறங்கி ஏறும் பிரஸ், கையைக் கண்டு இறங்காமல் நிற்கும். கஸ்டமர் கைதட்டுவார். கை எப்போதும் டிரெய்னியுடையது. போன வருஷம் ஜமீர் இரண்டு முறை வைத்திருக்கிறான். உள்ளே எண்ணெய் ஜில்லென்றிருக்கும்.

அவன் டம்ளரின் அடியில் கிடந்த டீயைக் குடித்து முடித்தான்.

"அது சும்மா பாக்கறதுக்குப் போட்டது. எடுத்தா என்ன ஆவப்போவுது?"

"நெசமாத்தான சொல்றே?"

"உங்கிட்ட பொய் சொல்லி எனக்கென்னடா கெடைக்கும்? டீ சாப்பிடு."

சின்னராஜ் குடித்தான். இரண்டு டீக்கும் அவனே காசு கொடுத்தான். "தேதி வெச்சா சொல்லு, கண்டிப்பா வர்றேன்" என்றான். ஜமீர் தலையாட்டிவிட்டுக் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நடந்தான்.

ஜூஜுவாடியில் மறுநாள் சௌந்தரராஜன் பவர் போட்டதும் பிரஸ் இறங்கியது. சின்னராஜின் வலது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது. டிரெய்னியின் அஜாக்கிரதை என்று கம்பெனி அறிக்கை கொடுத்தது. முனவர் பேகத்தை ஆம்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த மாதம் அந்த ஒரு வேலைக்குக் கம்பெனி புதிதாக இரண்டு டிரெய்னிகளை எடுத்தது.