வியாழனுக்குள் நாலு மீன்

எங்கள் மீன் தொட்டிக்குள் இரண்டு ஏஞ்சல் மீன்கள் இருந்தன. இருந்தன என்பது ஒரு நம்பிக்கை. கண்ணாடியில் பாசி பிடித்து, தண்ணீரும் பச்சையாகி, மூன்று நாளாக அவற்றை யாரும் கண்டதில்லை.

"தம்பி, ரெண்டும் நிக்குதோ?" என்று கட்டிலிலிருந்து வினோஜா அக்கா கேட்பாள்.

நான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்துவிட்டு, "நிக்குது" என்பேன். பார்த்தது பாசியைத்தான். பத்து நிமிடத்தில் மறுபடியும் கேட்பாள்.

அக்காவுக்கு ஏழாம் மாதம். பிரஷர் ஏறியிருந்ததால் இடப்பக்கம் சரிந்தே படுத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இடப்பக்கம் சரிந்தால் எதிரே யன்னல், யன்னலடியில் தொட்டி. அவள் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் தவச்செல்வன் அத்தான் அதை அங்கே வைத்திருந்தார். முதல் பிள்ளை இதே ஏழாம் மாதத்தில்தான் இல்லாமல் போனது. அதனால் வீட்டில் கதவை மெதுவாகச் சாத்தினோம். இருமல் வந்தால் முற்றத்துக்குப் போய் இருமினோம்.

வியாழக்கிழமை தோறும் மிட்வைஃப் றீற்றா மிஸ் ஸ்கூட்டியில் வந்து அக்காவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டியைச் சுற்றுவார். போன வியாழன் நூற்றைம்பதுக்கு நூறு. "வாற கிழமையும் இப்பிடியெண்டால் வார்ட்டிலதான் போடோணும், பிள்ளை" என்றார். அக்கா அப்போதே அழத் தொடங்கிவிட்டாள். போன முறை வார்ட்டுக்குப் போனவள் வெறுங்கையோடு வந்தவள்.

நான் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிறேன். அதாவது, கம்பஸ் திறந்திருக்கும் நாட்களில். ஸ்ட்ரைக் புண்ணியத்தில் இரண்டு மாதமாக முந்தலில் அக்கா வீட்டில் சாப்பாடு. அதற்கு ஈடாகத் தொட்டி என் பொறுப்பு. இரண்டு முறை பழைய பாங்க் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினேன். இரண்டே நாளில் பாசி திரும்பிவிட்டது. எங்கள் மாணவர் சங்கத்துச் சுவரொட்டிகள்கூட அவ்வளவு வேகமாகத் திரும்ப ஏறுவதில்லை.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிப் புத்தளத்துக்கு, மஹ்ரூப் நானாவின் மீன் கடைக்குப் போனேன். வளர்க்கிற மீன்.

"தண்ணி பச்சையா, கண்ணாடி பச்சையா?" என்று கேட்டார்.

"ரெண்டும், நானா."

"தண்ணிப் பச்சைய மீன் திங்காது. கண்ணாடில ஒட்டினதத்தான் திங்கும். உள்ளுக்கு என்ன கிடக்கு?"

"ஏஞ்சல். ரெண்டு." கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்த உள்ளங்கையளவு கறுப்பு மீனைக் காட்டினேன். நல்ல உழைப்பாளி போலிருந்தது. "இது?"

"அதுவா? சின்னதுல பாசி திங்கும். பெருத்தாச் சோம்பேறியாகி, உங்கட ஏஞ்சல்ட விலாவில ஒட்டி உறிஞ்சும்."

எனக்குச் சங்கத் தலைவரின் ஞாபகம் வந்தது. வேண்டாம் என்றேன்.

அடுத்தது கறுப்புக் கோடு போட்ட நீளமான மீன். அது வளர்ந்தால் மற்ற மீன்களைத் துரத்துமாம். "நோயாளி பாக்கிற தொட்டிக்குச் சண்டை சரிவராது, தம்பி" என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். கடைசியாக, விரலில் ஒரு கணுவளவு இருந்த சாம்பல் மீன்களைக் காட்டினார். "இதுக்குப் பேரு ஒட்டோ. பாசி மட்டும்தான் திங்கும். ஆரோடயும் சோலி இல்ல. ஆனா நாலாச் சேத்து விடுங்க. தனிய விட்டாப் பயத்துலயே செத்துரும்."

"எங்கட வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான்" என்றேன்.

பையை முடிந்துகொண்டே கேட்டார்: "இவ்வளவு பாசி சும்மா வராதே. தொட்டிக்கு உரம் கிரம் போடுறீங்களா?"

"மீன் தொட்டிக்கு ஆர் நானா உரம் போடுவினம்?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பையை மடியில் வைத்து, ஒவ்வொரு பஸ் தரிப்பிலும் மீன்களை எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டில் பையோடு தொட்டியில் அரை மணித்தியாலம் மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிட்டேன். நாலும் முன்பக்கக் கண்ணாடியில் போய் ஒட்டின; பாசிக்கு நடுவே நாலு சாம்பல் புள்ளிகள். அக்கா எண்ணிப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

புதன் விடிய ஒன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அக்கா நித்திரை என்று நினைத்து, தேத்தண்ணி வடியால் அதை எடுத்து, முருங்கை மரத்தடியில் குழி தோண்டித் தாட்டேன். ஒரு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும். வியாழன் இடையில் வருகிறது.

பின்னேரம் அத்தான் இறால் பண்ணையிலிருந்து வந்தார். அக்கா குளிக்கப் போயிருந்தாள். நான் தேநீரோடு அறைக்குள் வர, அவர் ஒரு பால்மா டின்னிலிருந்து வெள்ளையாக எதையோ கிள்ளித் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்தான் அது?"

"யூரியா." உப்பு என்பதுபோல் சொன்னார். "கொஞ்சம்தான். காலமை பாத்தன், தண்ணி தெளியிற மாதிரிக் கிடந்தது."

பண்ணையில் தண்ணீர் தெளிந்தால் ஒருவருக்கும் நித்திரை வராது. அடி தெரிந்தால் வெயில் நேரே இறங்கும், இறால் வெருளும், நோய் வரும், ஒரு கிழமையில் குளமே காலி. பச்சைத் தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அத்தான் பதினொரு வருடமாக இந்தப் பயத்தோடு வேலை செய்பவர்.

"அத்தான், இது இறால் இல்லை."

"தெரியும்." டின்னை மூடினார். "போன முறை நான்தான் தொட்டியைத் துப்பரவாக் கழுவி, முழுத் தண்ணியையும் மாத்தினனான். பளிங்கு மாதிரிக் கிடந்தது. அடுத்த நாள்தான் அவளுக்கு..."

எனக்கு வாயில் மூன்று பகிடிகள் தயாராக இருந்தன. மூன்றையும் தேநீரோடு விழுங்கினேன்.

"பண்ணையில தண்ணியே மாத்துறேல்லையோ?" என்று கேட்டேன்.

"மாத்துவம். ஒரேயடியா இல்லை. கால்வாசி."

"அப்ப இதிலையும் கால்வாசி மாத்துவம். யூரியா வேண்டாம். ஒரு மீன் செத்துப்போச்சு."

டின்னை அப்படியே கீழே வைத்தார். "அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

தொட்டிக்கென்று நான் முதல் நாளே வாளிகளில் பிடித்து வைத்திருந்த தண்ணீரால், அக்கா தலை துவட்டி வருவதற்குள் கால்வாசியை மாற்றினோம். அத்தான் ஒவ்வொரு வாளியையும் ஊற்றிவிட்டு, தொட்டியை அல்ல, குளியலறைக் கதவைப் பார்த்தார்.

வியாழன் காலை கண்ணாடியில் கோணல் மாணலாகத் தெளிந்த பாதைகள் தெரிந்தன. மூன்று சின்ன வாய்கள் இரவு முழுக்க வேலை செய்திருந்தன. அந்தப் பாதைகளினூடாக ஏஞ்சல் செட்டைகள் தெரிந்தன. இரண்டு மீனுடையவை. எண்ணினேன்.

றீற்றா மிஸ் பட்டியைச் சுற்றிக் காற்றை ஏற்றத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து அக்கா கேட்டாள்: "தம்பி, நாலெல்லே வாங்கினனி? மூண்டுதானே நிக்குது?"

"ஃபில்டருக்குப் பின்னால" என்றேன் நான்.

"கல்லுக்குக் கீழ" என்றார் அத்தான், அதே கணத்தில்.

"ஒருத்தரும் கதைக்காதேங்கோ" என்றார் மிஸ்.

காற்று இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பஸ் முந்தலிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பும் நேரம் எடுத்தது அது. மிஸ் அட்டையில் எழுதினார். "நூற்றிமுப்பதுக்குத் தொண்ணூறு. வார்ட் வேண்டாம். ஆனா வாற வியாழனும் பாப்பம்."

ஸ்கூட்டி ஒழுங்கையைத் தாண்டியது. அத்தான் கதிரையில் இருந்து, நான் ஊற்றி வைத்த தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். நான் சட்டையை மாட்டினேன்.

"எங்கயடா?" என்றாள் அக்கா.

"சும்மா, சந்திக்கு."

"ஒட்டோ வாங்கவோ? வேண்டாம். மூண்டு போதும். முருங்கைக்குக் கீழ நீ தாட்டதை நான் யன்னலால பாத்தனான்."

அப்படியானால் மீன் செத்தது தெரிந்திருந்தும்தான் நூற்றிமுப்பது.

அவள் தலையணையைச் சரிசெய்து, மறுபடியும் இடப்பக்கம் சரிந்து, தொட்டியைப் பார்த்தபடி கேட்டாள்: "அது சரி, அந்தத் தேத்தண்ணி வடியைப் பிறகு கழுவினனியோ?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் கோப்பைக்குள் பார்த்தார்.